ஆன்லைன் கணக்குப் பரீட்சையின் யோக்கியதை

2020-ம் வருஷத்தில் கொரோனா நோய் பரவிப் பள்ளிக்கூடங்களும் காலேஜுகளும் மூடப்பட்டது முதல், ஆன்லைன் படிப்பு என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதியாகி விட்டது. உபாத்தியாயர் ஓர் ஊரில் இருப்பார். மாணாக்கர்கள் ஆயிரம் ஊர்களில் இருப்பார்கள். நடுவில் ஒரு கம்ப்யூட்டரோ செல்போனோ இருந்து பாடத்தைக் கொண்டு சேர்த்து விடும். வெளியூர் போய்த் தங்கிப் படிக்க அனுமதி கிடைக்காத பெண்களுக்கும், பகலெல்லாம் கூலி வேலை செய்து இரவில் படிக்கின்றவர்களுக்கும், பட்டணத்து ஹாஸ்டல் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கும் இதனால் படிப்பதற்கு ஓர் இடம் ஏற்பட்டிருக்கின்றது. ஆதலால் இந்தப் படிப்பைக் குறை கூற நாம் வரவில்லை. இது இன்னும் வளர வேண்டும் என்பதே நமது ஆசை. நாம் இங்கு எடுத்துக் கொண்டது, அந்தப் படிப்பின் முடிவில் வைக்கின்ற பரீட்சையை, அதிலும் முக்கியமாய்க் கணக்குப் பரீட்சையைப் பற்றியதாகும்.

இந்தப் பரீட்சை விஷயத்தில் இரண்டு கூட்டத்தார் இருக்கின்றார்கள். ஒரு கூட்டத்தார், மாணாக்கர்களை ஒரு சிறிதும் நம்ப முடியாது. ஆகவே ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் ஒரு காமிராவை வைத்து, கண் போகிற பக்கமெல்லாம் யந்திரத்தைக் கொண்டு கண்காணிக்க வேண்டும் என்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார், அதெல்லாம் வேண்டாம். காப்பியடிக்க மாட்டேன் என்று ஒரு உறுதிமொழியை வாங்கிக் கொண்டு விட்டு விட்டால் எல்லோரும் யோக்கியமாய் நடந்து கொள்வார்கள் என்கின்றார்கள். முந்தியவர்கள் பயத்தை நம்புகின்றார்கள். பிந்தியவர்கள் பிரமாணத்தை நம்புகின்றார்கள். பரீட்சையை எப்படி அமைப்பது என்கின்ற முக்கியமான காரியத்தில் மாத்திரம் இரண்டு பேருமே போதிய அளவு புத்தியைச் செலுத்துவதாய்க் காணோம்.

முதலாவதாகக் கணக்குப் பாடத்துக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தைக் கவனிப்போம். சரித்திரப் பரீட்சையில் பத்துப் பேர் ஒரே வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எழுதியிருந்தால், அதைத் திருத்துகின்ற உபாத்தியாயருக்கு உடனே சந்தேகம் தட்டி விடும். கணக்கிலோ சரியான விடை ஒன்றுதான். நூறு பேர் ஒரே விடையை எழுதினால் அந்த நூறு பேரும் யோக்கியர்களாகவும் இருக்கலாம். அத்தனை பேரும் பார்த்து எழுதினவர்களாகவும் இருக்கலாம். இதற்கு மேல், கணக்குப் போட்டுக் கொடுப்பதற்கென்றே யந்திரங்கள் வந்து விட்டன. 2009-ல் உல்ஃப்ரம் ஆல்பா என்கின்ற இணையதளம் வந்தது. கேள்வியை எழுதிப் போட்டால் விடை வந்து விடும். 2014-ல் ஃபோட்டோமேத் வந்தது; செல்போன் காமிராவைப் புத்தகத்தின் மேல் காட்டினால் போதும், வழி முதல் விடை வரை படிப்படியாய் வந்து விடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அது கேள்வியைப் படித்து, விளக்கமும் எழுதி, கேட்டால் வேறு மாதிரியாகவும் எழுதிக் கொடுக்கும். இவைகள் படிக்கின்றவனுக்கு நல்ல துணை என்பதில் ஆட்சேபணையில்லை. ஆனால், வீட்டில் தனியாய் உட்கார்ந்து பரீட்சை எழுதுகின்றவனுக்குப் பக்கத்திலேயே கணக்கு வாத்தியாரை உட்கார வைத்தது போலவும் இவை ஆகி விட்டன என்பதை மறைக்க முடியுமா?

இது வெறும் பயமல்ல. பணம் கொடுத்தவர்களுக்குக் கேள்விகளுக்கு விடை எழுதிக் கொடுக்கின்ற ஓர் இணையதளத்தை லண்டனில் உள்ளவர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். 2019-ல் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையில் ஐந்து விஞ்ஞான, என்ஜினீயரிங் பாடங்களில் அங்கு வந்த கேள்விகளையும், 2020-ல் அதே மாதங்களில் வந்தவைகளையும் ஒப்பிட்டதில், கேள்விகள் 196 சதவிகிதம் அதிகரித்திருந்ததாய்க் கண்டார்கள். அதாவது ஏறக்குறைய மூன்று பங்காகி விட்டது. பரீட்சை வீட்டுக்குள் வந்தவுடன் விடை வியாபாரமும் கூடவே வந்து விட்டது என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

இனி, பிரமாணத்தை நம்புகின்றவர்களைக் கவனிப்போம். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் வெஸ்ட் பாயிண்ட் என்னும் ராணுவக் கல்லூரி ஒன்று 1802 முதல் நடந்து வருகிறது. அந்நாட்டு ராணுவ அதிகாரிகள் அநேகர் அங்கு படித்தவர்கள். பொய் சொல்லுவதில்லை, ஏமாற்றுவதில்லை, திருடுவதில்லை, அப்படிச் செய்பவரைச் சகித்துக் கொள்வதுமில்லை என்பது அங்குள்ள ஒவ்வொரு மாணாக்கரையும் கட்டுப்படுத்துகின்ற கண்ணிய விதி. உலகத்தில் ஒரு விதியின் பேரில் யோக்கியமாய் நடக்கக் கூடியவர்கள் எங்கேனும் உண்டு என்றால், அது இங்குதான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லுவார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் 2020 மே மாதத்தில், நோயின் காரணமாக மாணாக்கர்கள் கல்லூரியை விட்டு வெளியே இருந்த சமயத்தில், கால்குலஸ் என்னும் உயர்தரக் கணக்கில் பரீட்சை வைத்தார்கள். அதில் 73 பேர் மோசடி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். ஒருவர் தவிர மற்ற எல்லோரும் முதல் வருஷத்துப் பிள்ளைகள். விசாரணை முடிந்து 2021-ல் 8 பேர் நீக்கப்பட்டார்கள். 51 பேர் ஒரு வருஷம் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். இது அங்கு முதல் தடவையும் அல்ல. 1976-ல், மாணாக்கர்கள் தனியாய்ச் செய்து வரும்படி கொடுத்தனுப்பிய ஒரு மின்சார என்ஜினீயரிங் பரீட்சையில் இதே மாதிரி நடந்து, 150-க்கு மேற்பட்டவர்கள் வெளியேற நேர்ந்தது. பிறகு அவர்களில் பலர் திரும்பச் சேர்த்துக் கொள்ளப்பட்டார்கள். ஆகவே விதி ஒன்றே, மாணாக்கர் தன்மை ஒன்றே. சுற்றிலும் ஆள் இருந்த இடத்தில் நடக்காதது, ஆள் இல்லாத இடத்தில் நடந்திருக்கின்றது. இதிலிருந்து, பிள்ளைகள் எல்லாம் அயோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தனிமையும், ஆசையும், தோற்று விடுவோமோ என்கின்ற பயமும் மூன்றும் ஒன்று சேர்ந்த இடத்தில், வாயால் சொன்ன பிரமாணம் மாத்திரம் தாங்காது என்பதே நாம் சொல்லுவதாகும்.

இந்த வெஸ்ட் பாயிண்ட் சம்பவத்தில் மற்றொரு விஷயத்தை வாசகர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். இந்த மோசடியைக் கண்டுபிடித்தது யார்? எந்தக் காமிராவும் அல்ல. விடைத்தாள்களைத் திருத்திய உபாத்தியாயர்கள்தான் கண்டுபிடித்தார்கள். எப்படி என்றால், பல தாள்களில் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்ததைப் பார்த்தார்கள். சரியான விடை எல்லோருக்கும் பொதுச் சொத்து. தப்போ அவனவனுக்குச் சொந்தச் சொத்து. ஒருவனுடைய தப்பு இன்னொருவன் தாளில் வந்தால், அது தானாய் நடந்து வந்திருக்க முடியாது. இதைத் தெரிந்து கொள்ள ஒரு யந்திரமும் வேண்டியிருக்கவில்லை. தாளைப் பொறுமையாய்ப் படிக்கின்ற ஒரு மனிதனே போதுமானவனாயிருந்தான்.

நிற்க, காமிராக் கூட்டத்தாரின் கொள்கையைப் பார்ப்போம். அவர்களுடைய ஏற்பாடு இதுதான்: பரீட்சை எழுதுகின்றவன் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை ஏற்றிக் கொள்ள வேண்டும். அது அவன் முகத்தைப் படம் பிடிக்கும். அறையின் சத்தத்தைப் பதிவு செய்யும். தலை திரும்பினாலும், கண் விலகினாலும், வேறு முகம் குறுக்கே வந்தாலும், "சந்தேகத்துக்கு இடம்" என்று ஒரு குறி போட்டு வைக்கும். கேட்பதற்கு மிகவும் அதிசயமாய்த்தான் இருக்கின்றது. ஆனால், இது உண்மையில் திருடனைப் பிடிக்கின்றதா?

நெதர்லாந்து தேசத்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டிருக்கின்றார்கள். அவர்கள் எடுத்துக் கொண்டது புரோக்டோரியோ என்னும் மேற்பார்வை மென்பொருள். 30 மாணாக்கர்களைப் பரீட்சைக்கு உட்கார வைத்து, அவர்களில் 6 பேரை மாத்திரம் வேண்டுமென்றே மோசடி செய்யும்படி இரகசியமாய்ச் சொல்லி வைத்தார்கள். முடிவு என்ன? அந்த 6 பேரில் ஒருவரைக் கூட யந்திரம் பிடிக்கவில்லை. பதிவுகளைத் தனியாய்ப் பார்த்த ஒரு மனிதர் ஒருவரை மட்டும் கண்டுபிடித்தார். 30 பேர் என்பது சிறு தொகைதான். இதைக் கொண்டு உலகத்திலுள்ள எல்லா மென்பொருளுக்கும் தீர்ப்பு எழுதி விடக் கூடாது. ஆனால், அந்த ஆராய்ச்சிக்காரர்கள் இதை ஒரு போலி மருந்துக்கு ஒப்பிட்டது யோசிக்கத் தக்கது. வெறும் சர்க்கரை உருண்டையை மருந்தென்று நம்பித் தின்றவனுக்குக் கொஞ்சம் குணம் தெரிவது போல, இந்த யந்திரத்துக்கும் ஏதோ சக்தியிருக்கின்றது; ஆனால் அது வேலை செய்வதால் அல்ல, வேலை செய்கின்றது என்று ஜனங்கள் நம்புவதால்தான் என்கின்றார்கள்.

தோழர்களே! இதை நாம் எங்கேயோ முன்பு கேட்டிருக்கின்றோம் அல்லவா? எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருக்கின்ற ஒரு கண் உண்டு. ஆகையால் தப்புச் செய்யாதே என்று நம் பாட்டன் காலத்தில் சொன்னதற்கும், இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கண்ணுக்கு வருஷச் சந்தாவும் ரசீதும் இல்லை. இந்தக் கண்ணுக்கு உண்டு என்பதைத் தவிர வேறென்ன? அந்தக் கண்ணை நம்பாதவன் எப்படி அதற்குப் பயப்படுவதில்லையோ, அப்படியே இந்தக் கண்ணின் சங்கதியைத் தெரிந்து கொண்டவனும் பயப்பட மாட்டான். பயந்து நடுங்குகின்றவன் யார் என்றால், காப்பியடிக்க வேண்டும் என்று கனவிலும் நினையாத அப்பாவியே ஆவான்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்து விடலாம். ஒரு பேச்சுக்கு, 1000 பேர் பரீட்சை எழுதுகின்றார்கள் என்றும், அவர்களில் 50 பேர் மோசடிக்காரர்கள் என்றும் வைத்துக் கொள்வோம். நமது யந்திரம் ட்வென்டேயில் கண்டதை விட எவ்வளவோ சாமர்த்தியமானது, 100 மோசடிக்காரரில் 80 பேரைப் பிடித்து விடும் என்றும், யோக்கியர்களில் 100-க்கு 10 பேர் மேல்தான் தவறாய்க் குறி போடும் என்றும் தாராளமாகவே ஒப்புக் கொள்வோம். அப்படியானால், 50 மோசடிக்காரரில் 40 பேர் அகப்படுவார்கள். மீதி 950 யோக்கியர்களில் 95 பேர் மேல் குறி விழும். ஆக, குறி விழுந்த 135 பேரில் 95 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள்! மூன்று பேரை நிறுத்தினால் அதில் இரண்டு பேர் நிரபராதிகள் என்று ஆகின்றது. "யந்திரம் சொல்லி விட்டது" என்று ஒரு பிள்ளையின் படிப்பில் கை வைக்கின்ற அதிகாரிகள், இந்தச் சின்னக் கணக்கையாவது ஒரு தரம் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்கின்றோம்.

அன்றியும், கணக்குப் பரீட்சை எழுதுகின்றவன் எப்படி எழுதுவான் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவன் திரையையே பார்த்துக் கொண்டிருக்க முடியுமா? கீழே காகிதத்தில் வழி போட வேண்டும். அப்போது தலை குனியும். வழி தட்டுப்படாவிட்டால் மேலே கூரையைப் பார்ப்பான். உதட்டுக்குள் எண்களை முணுமுணுப்பான். விரல் விட்டு எண்ணுவான். இவையெல்லாம் யோசிக்கின்ற மனிதனுடைய அடையாளங்கள். ஆனால், கண் விலகினால் சந்தேகம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட யந்திரத்துக்கு இவையே திருட்டின் அடையாளங்களாய்த் தோன்றும். காமிராவுக்கு எட்டாத இடத்தில் இன்னொரு செல்போனை வைத்துக் கொண்டு, திரையை விட்டுக் கண் எடுக்காமல் பதுமை போல உட்கார்ந்திருப்பவனோ அதற்கு உத்தமனாய்த் தோன்றுவான். யோசிப்பவனைச் சந்தேகிப்பதும், யோசிக்காதவனை மெச்சுவதும் ஒரு கணக்குப் பரீட்சைக்கு அடுக்குமா?

இது இப்படியிருக்க, பயத்தின் சங்கதியை இன்னும் கொஞ்சம் விவரமாய்க் கவனிக்க வேண்டியிருக்கின்றது. பரீட்சைப் பயம் என்பது சோம்பேறியின் சாக்கு என்று அநேக பெரியவர்கள் எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். அது தவறு. நாம் மனக்கணக்குப் போடும்போது, மிச்சம் வைத்த எண்ணையும், அடுத்துச் செய்ய வேண்டியதையும் சற்று நேரம் மனதில் பிடித்து வைத்துக் கொள்கின்றோம். இது மனதிலுள்ள ஒரு சின்னச் சிலேட்டுப் பலகை என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் இடம் கொஞ்சந்தான். "போச்சு, தோற்று விட்டேன், வீட்டில் என்ன சொல்லுவார்கள்" என்கின்ற கவலை வந்து அந்தப் பலகையில் பாதியை அடைத்துக் கொண்டால், கணக்குக்கு இடமேது? 2001-ல் அமெரிக்காவில் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்னும் இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் இதைத்தான் சோதித்துக் காட்டினார்கள். கணக்கைக் கண்டு பயப்படுகின்றவர்களுக்கு, கணக்குப் போடும் அந்த நேரத்தில் இந்த மனப்பலகை சுருங்கிப் போகின்றது என்று கண்டார்கள். ஆகவே பயந்தவன் கணக்குத் தெரியாதவன் என்று அர்த்தமல்ல. தெரிந்ததை எடுத்து வைக்க அந்தச் சமயத்தில் இடமில்லாதவன் என்பதே அர்த்தமாகும்.

இப்படிப்பட்டவன் முன்னால் காமிராவையும் வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பரீட்சைப் பயம் அதிகமாயுள்ளவர்கள் குறைந்த மார்க்கு வாங்குகின்றார்கள் என்றும், அதிலும் ஆன்லைன் மேற்பார்வையில் எழுதினவர்களுக்கு இது விசேஷமாய்க் காணப்பட்டது என்றும் தெரிய வந்திருக்கின்றது. அந்நாட்டிலேயே ஒஹாயோ மாகாணத்து மியாமி பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், மேற்பார்வை மென்பொருளோடு எழுதின பரீட்சையில் சராசரியாய் 17 மார்க்குகள் குறைந்திருந்தன; நேரமும் குறைவாகவே எடுத்துக் கொண்டார்கள். பார்த்தீர்களா, காமிரா வைத்தவுடன் மோசடி அடங்கி விட்டது என்று ஒரு கூட்டத்தார் இதைக் கொண்டு சந்தோஷப்படுகின்றார்கள். அந்த 17-ல் ஒரு பங்கு மோசடி அடங்கினதாய்த்தான் இருக்கும்; நாமும் மறுக்கவில்லை. ஆனால், அதில் எத்தனை மார்க்கு திருட்டு நின்றதால் குறைந்தது, எத்தனை மார்க்கு நடுக்கத்தால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல அவர்களிடம் என்ன தராசு இருக்கின்றது? இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, எல்லாம் திருட்டு என்று சீட்டு ஒட்டுவது எந்த ஊர் நியாயம்?

தவிர, இந்த யந்திரக் காவலின் பாரம் எல்லோர் தலை மேலும் ஒரே மாதிரியாய் விழுவதில்லை. தனி அறையும், நல்ல வெளிச்சமும், தடையில்லாத மின்சாரமும், சுத்தமான இணையத் தொடர்பும் உள்ளவனுக்கு அது ஒரு தொந்தரவு மாத்திரம். ஒரே அறையில் ஆறு பேர் வாழுகின்ற வீட்டுப் பிள்ளைக்கு, தங்கை அழுதாலும் குற்றம். பாட்டி குறுக்கே நடந்தாலும் குற்றம். கரண்ட் போனாலும் குற்றம். அறையைச் சுற்றிக் காமிராவைக் காட்டு என்கின்ற கட்டளை வேறு. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணாக்கர் 2021 பிப்ரவரியில் ரசாயனப் பரீட்சைக்கு முன் தம் படுக்கையறையை இப்படிக் காட்ட வேண்டியிருந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2022 ஆகஸ்டில் அங்குள்ள மத்திய சர்க்கார் கோர்ட்டு, இது காரணமில்லாமல் ஒருவன் வீட்டைச் சோதனை போடுவதாகும், அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புக் கூறியது.

நெதர்லாந்தில் மற்றொரு வழக்கு நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு கறுப்பு நிற மாணவி, தம் முகத்தை மேற்பார்வை மென்பொருள் சரியாய்க் கண்டு கொள்ளவில்லை, தம் நிறமே காரணம் என்று மனித உரிமைக் கழகத்தில் முறையிட்டார். 2022 டிசம்பரில் அக்கழகம் அவர் சொல்லுவதில் பூர்வாங்கமான நியாயம் உண்டென்று கண்டது. ஆனால் 2023 அக்டோபரில், அவர் விஷயத்தில் மென்பொருள் நிறபேதம் காட்டியதாய் ருஜுவாகவில்லை என்றும், அவருடைய முறையீட்டைப் பல்கலைக்கழகம் அலட்சியமாய் நடத்தியதே பாரபட்சமாகும் என்றும் முடிவு கூறியது. நமக்குச் சாதகமான பாதியை மாத்திரம் எடுத்துச் சொல்ல நமக்கு இஷ்டமில்லை. ஆதலால் முழுவதையும் சொன்னோம். இதில் நாம் கற்றுக் கொள்ள வேண்டியது, யந்திரத்தின் பேரில் ஒருவர் புகார் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு மனிதன் இருக்க வேண்டும் என்பதேயாகும்.

சரி, பிரமாணமும் உதவாது, காமிராவும் உதவாது என்றால் பரீட்சையே வேண்டாமா என்று கேட்கலாம். அப்படி நாம் சொல்லவில்லை. பரீட்சை கட்டாயம் வேண்டும். பரீட்சை கெட்டுப் போனால் பட்டம் கெட்டுப் போகும். பட்டம் கெட்டுப் போனால் முதலில் நஷ்டப்படுகின்றவன் யார்? மாமன், மச்சான், சிபார்சு என்று ஒன்றும் இல்லாமல், தன் மார்க்கை மாத்திரம் நம்பி வேலைக்குப் போகின்ற ஏழைப் பிள்ளைதான். "ஆன்லைனில் படித்தவனா? யார் எழுதிக் கொடுத்தார்களோ" என்று ஒரு முதலாளி உதட்டைப் பிதுக்கி விட்டால், வீட்டிலிருந்தே கஷ்டப்பட்டுப் படித்த பெண்ணின் இத்தனை வருஷத்து உழைப்பும் பாழாகும். ஆகையால் பரீட்சையின் நாணயம் ஏழைகளின் சொத்து என்று நாம் தைரியமாய்ச் சொல்லுவோம்.

அந்தச் சொத்தைக் காப்பாற்ற வழி இல்லாமலில்லை. நமக்குப் பக்கத்திலேயே நடந்து வருகின்றது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த என்.பி.டி.இ.எல். என்னும் ஏற்பாட்டில், எவரும் இலவசமாய்ப் பாடம் கேட்கலாம். 2014 முதல் அதில் சர்டிபிகேட்டும் கொடுத்து வருகின்றார்கள். வாரா வாரம் வீட்டில் செய்து அனுப்புகின்ற பயிற்சிக்கு 25 மார்க்கு. பரீட்சை மையத்துக்கு நேரில் போய் எழுதுவதற்கு 75 மார்க்கு என்பது அதில் பொதுவான வழக்கம். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பித்த ஆன்லைன் பட்டப்படிப்பிலும், கணக்கும் புள்ளிவிவரமும் உள்பட எல்லாப் பாடமும் வீட்டில். முக்கியப் பரீட்சைகள் ஆங்காங்குள்ள மையங்களில் நேரில். இதிலுள்ள புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். படிக்கும்போது தப்புச் செய்ய இடம் கொடுக்க வேண்டும். அங்கு காவல் வேண்டியதில்லை. யோக்கியதையை நிர்ணயிக்கும்போது மாத்திரம் காவல் வேண்டும். அந்தக் காவல் மனிதக் காவலாய், எல்லோருக்கும் ஒரே மேஜை, ஒரே விளக்கு, ஒரே கடிகாரமாய் இருக்க வேண்டும். குடிசைப் பிள்ளையும் பங்களாப் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து எழுதுகின்ற சமத்துவம் பரீட்சைக் கூடத்தில் உண்டு. படுக்கையறைக் காமிராவில் கிடையாது. இந்த மையங்கள் பெரிய பட்டணங்களோடு நின்று விடாமல், தாலுகாவுக்கு ஒன்றாகவாவது ஏற்படுமானால் கிராமத்தாருக்கு இதனால் பெருத்த நன்மை உண்டாகும்.

நேரில் வர முடியாதவர்களுக்கும் வழி உண்டு. ஐந்து நிமிஷம் ஓர் உபாத்தியாயர் வீடியோவில் பேசினால் போதும். "இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது? இங்கே இரண்டுக்குப் பதில் ஐந்து என்று இருந்தால் என்ன மாறும்?" என்று கேட்கட்டும். தானே செய்தவன் தடுமாறினாலும் சொல்லி விடுவான். யந்திரத்தைப் பார்த்து எழுதினவன் விழிப்பான். பயந்தவனுக்கு உபாத்தியாயர் ஒரு வார்த்தை தைரியம் சொல்லித் திரும்பக் கேட்கலாம். காமிரா தைரியம் சொல்லுமா? ஒவ்வொரு மாணாக்கருக்கும் கணக்கில் எண்களை மாற்றிக் கொடுப்பது கம்ப்யூட்டருக்கு ஒரு நிமிஷ வேலை. தப்பாய்ப் போடப்பட்ட ஒரு கணக்கைக் கொடுத்து, தப்பு எந்த வரியில், ஏன் என்று எழுதச் சொல்லலாம். அதையே நேரிலும் கேட்கலாம். ஆயிரம் பேரை ஒருவர் கேட்க முடியுமா என்பார்கள். எல்லோரையும் கேட்க முடியாவிட்டால், தாளைப் படித்துச் சந்தேகம் தோன்றினவர்களையும், குலுக்கிப் போட்டு எடுத்த இன்னும் சிலரையும் கேட்கலாம். மென்பொருளுக்குக் கொடுக்கின்ற பணத்தில் ஒரு பங்கை உபாத்தியாயர்களுக்குக் கொடுத்தால் ஆள் கிடைக்காமலா போகும்?

பயத்தைக் குறைப்பதற்கும் மந்திரம் வேண்டியதில்லை. தலைபோகிற மாதிரி ஒரே ஒரு பெரிய பரீட்சை வைப்பதற்குப் பதில், சின்னச் சின்னதாய்ப் பல பரீட்சைகள் வைக்கலாம். ஒரு தரம் தவறினவனுக்கு இன்னொரு தரம் கொடுக்கலாம். சூத்திரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வர விடலாம். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதா கணக்கு? நேரத்தை இறுக்கிப் பிடிக்காமல் தாராளமாய்க் கொடுக்கலாம். உண்மையான பரீட்சைக்கு முன்னால் அதே மாதிரி ஒரு வெள்ளோட்டம் பார்க்க விடலாம். பயந்தவனுக்கு இவைகள் மருந்து. காப்பியடிக்கின்றவனுக்கும் இவைகளே பாதி மருந்து. ஏனெனில், ஒரே தடவையில் தலை போய் விடும் என்கின்ற நிலைமைதான் அநேகரைத் திருட்டில் தள்ளுகின்றது. இவ்வளவும் செய்த பிறகும் சந்தேகத்துக்கு இடமிருந்தால், யந்திரம் போட்ட குறி விசாரணைக்கு ஆரம்பமாய் மாத்திரம் இருக்கட்டும். தீர்ப்பாய் இருக்க வேண்டாம். குற்றம் இன்னது, ருஜு இன்னது என்று காட்டி, பதில் சொல்ல இடம் கொடுத்த பிறகே எந்தப் பிள்ளை மேலும் கை வைக்க வேண்டும்.

கடைசியாக, படிக்கின்ற பிள்ளைகளுக்கும் இரண்டு வார்த்தை. "எனக்குக் கணக்கு வராது, என் தலையெழுத்து" என்று சொல்லாதீர்கள். தலையில் ஒரு எழுத்தும் இல்லை. கணக்கு ஒருவர் வம்சத்துக்கு எழுதி வைத்த சொத்தும் அல்ல. போட்டுப் போட்டுத் தப்பினவனுக்கே அது வரும். காப்பியடிக்கின்றவன், தான் தப்ப வேண்டிய தப்புகளைத் தப்பாமல் போவதால், கற்க வேண்டியதையும் கற்காமல் போகின்றான். ஒருவன் பார்த்து விடுவான் என்பதற்காக யோக்கியமாய் இருக்கச் சொல்லி நாம் உங்களைக் கேட்கவில்லை. நாளைக்கு நீங்கள் கட்டுகின்ற பாலத்தின் மேல் ஜனங்கள் நடப்பார்கள். நீங்கள் கணக்குப் பார்த்த மருந்தை நோயாளிகள் சாப்பிடுவார்கள். பாலத்துக்குச் சர்டிபிகேட் படிக்கத் தெரியாது. கணக்குத் தப்பினால் விழுந்து விடும். இதை விட யோக்கியமாய் இருப்பதற்கு வேறு காரணம் எதற்கு?

ஆகவே, மாணாக்கரைத் திருடன் என்று முடிவு கட்டிக் கொண்டு அவன் படுக்கையறைக்குள் யந்திரத்தை நுழைப்பதையும், அவனை உத்தமன் என்று முடிவு கட்டிக் கொண்டு கண்ணை மூடிக் கொள்வதையும் இரண்டையும் விட்டு விட்டு, மனிதனை மனிதன் நேரில் கேட்டுத் தெரிந்து கொள்ளுகின்ற பரீட்சையை ஏற்படுத்தும்படி சர்க்காரையும், பல்கலைக்கழகத்தார்களையும் கேட்டுக் கொள்ளுகின்றோம். ஆன்லைனில் பிள்ளைகளைச் சேர்க்கப் போகின்ற பெற்றோர்களும், பாடம் எப்படி, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், "பரீட்சையை எப்படி வைக்கின்றீர்கள்? தப்பாய்க் குறி விழுந்தால் யாரிடம் முறையிடுவது?" என்று கேட்டுப் பதில் வாங்கிக் கொண்ட பிறகே பணத்தைக் கட்ட வேண்டுமென்று எச்சரிக்கை செய்கின்றோம்.